கூலிங் காயிலின் உறவினர்கள்

சுரங்கத் தொழிலாளர் பேச்சுமொழி பற்றிய ஆய்வேட்டுக்கும் ஒரு பழைய மகிழுந்தின் குளிரூட்டிக்கும் என்ன தொடர்பு என்று என் நெறியாளர் கேட்டார். கன்டிஞ்ஜென்சி விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன்பு கேட்டதால் கேள்வி நியாயமானதுதான். முதுநிலை ஆய்வு உதவித்தொகை பெறும் கலைப்புல மாணவருக்கு அத்தலைப்பில் ஆண்டுக்கு 20,500 ரூபாய் உண்டு. நூல், ஒளிநகல், களப்பயணம் என்று பிரிக்கப்பட்ட இனங்களுள் கூலிங் காயில் எதிலும் அடங்கவில்லை. செலவு என் கையிலிருந்தே போயிற்று. ஆனால் அன்று அவருக்குச் சொல்லத் தொடங்கிய விடை நீண்டுவிட்டது. பேச்சுமொழிப் பதிவில் ஈடுபட்டிருக்கும் மாணவர்களுக்கும், பழைய வண்டியைக் கைவிட மனமில்லாதோர்க்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

என் களம் கோலார் தங்கவயல். 1880களில் தொடங்கி வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் சென்று குடியேறிய தமிழர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலத்தடியில் பேசி வளர்த்த மொழி அங்கே இருக்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்றாடப் பேச்சு தொடர்கிறது. கூண்டு, வெடி, பாறை, நீர், காற்று ஆகியவற்றைச் சுற்றிய வேலைச்சொற்கள் மட்டும் அறுபதைக் கடந்தவர்களின் வாயில் எஞ்சியிருக்கின்றன. இளையவர்கள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்; அவர்களுக்கு அச்சொற்களால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

லைன் வீடுகளில் பேச்சைப் பதிவு செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சுவருக்கு அப்பால் தொலைக்காட்சி, இப்பால் குக்கர் விசில், தெருமுனையில் ஒலிபெருக்கி. உயிரொலிகளின் நீட்டத்தையும் அதிர்வெண்ணையும் அளக்க வேண்டிய எனக்கு அந்த ஒலிப்பதிவு உதவாது. கண்ணாடிகளை ஏற்றிய மகிழுந்துதான் வசதியற்ற களப்பணியாளரின் ஒலிக்கூடம். இருக்கைப் பஞ்சும் தரைவிரிப்பும் கூரைத்துணியும் எதிரொலியை உறிஞ்சிவிடும். குளிரூட்டி ஓடும்போது பதிவு செய்ய இயலாது. ஊதியின் இரைச்சல் நுண்ணலகுகளை மூடிவிடும். ஆகவே பத்து நிமிடம் உள்ளே குளிரவைத்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பன்னிரண்டு நிமிடம் பதிவு, மறுபடியும் குளிர்விப்பு. குளிரூட்டி இல்லையேல் மார்ச் மாதத்தில் மூடிய வண்டிக்குள் ஐந்து நிமிடம்கூட ஒருவரை உட்கார வைக்க முடியாது, அதுவும் பாறைத்தூசு படிந்த நுரையீரல் உடையவரை.

அப்படி ஒருவர்தான் எனக்கு முதன்மையானவர். சாம்பியன் ரீஃபில் 34 ஆண்டுகள் நிலத்தடி வேலை பார்த்தவர். 'தகவலாளர்' என்று ஆய்வேட்டில் எழுதுகிறேன், நேரில் தாத்தா. சட்டைப்பையில் எப்போதும் ஒரு இன்ஹேலர் இருக்கும். பிப்ரவரியில் அவரே சொன்னார்: "வெயில் ஏர்றதுக்குள்ள முடிச்சுக்க பாப்பா. அடுத்த வருசத்துக்கு நான் கேரண்டி கெடையாது." முடிக்க வேண்டிய பதிவுகள் ஒன்பது இருந்தன.

வண்டி என் பெரியப்பா விட்டுச்சென்ற 1996ஆம் ஆண்டு மாருதி ஜென். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்துவந்தோம். இயந்திரத்தில் குறையில்லை. குளிரூட்டி மட்டும் வெதுவெதுப்பாக ஊதிற்று. வீட்டருகே இருந்த ஒரு பணிமனையில் கேஸ் நிரப்பினார்கள். ஒன்பது நாள் குளிர்ந்தது. மறுபடி நிரப்பினார்கள், நான்கு நாள். 'கேஸ் போட்டால் சரியாகிவிடும்' என்பது இந்தியச் சாலையோரங்களில் மிகுதியாகச் சொல்லப்படும் பொய்களுள் ஒன்று என்பது என் துணிபு. குளிரூட்டியில் உள்ள வளிமம் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. கம்ப்ரஸர் அழுத்த, முன்னால் இருக்கும் கண்டென்சரில் வெப்பத்தை விட்டு நீர்மமாகி, டிரையரில் ஈரம் நீங்கி, எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளையில் விரிந்து, டாஷ்போர்டின் அடியில் உள்ள கூலிங் காயிலில் ஆவியாகி அறையின் வெப்பத்தைக் கவர்ந்து, மீண்டும் கம்ப்ரஸருக்கே திரும்பும் மூடிய சுற்று அது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

ஓட்டையைக் கண்டவர் சிவாஜிநகரில் சிறு பட்டறை வைத்திருக்கும் ஒரு பாய். வீட்டில் தக்கினி பேசுபவர். என்னிடம் பெங்களூர்த் தமிழ். நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றிச் சோப்புநுரை தடவிப் பார்த்தார். கம்ப்ரஸரின் தண்டுச் சீலில் ஒன்று, கூலிங் காயிலில் ஒன்று. "மேடம், காயிலு போச்சு. இனிமே கேஸ் போட்டா காத்துக்கு காசு குடுக்கற மாதிரி," என்றார்.

வண்டியின் முன்மூடிக்குள் ஒட்டியிருந்த வில்லையில் ஆர்-12 என்று இருந்தது. இப்பெயரைப் பிரித்துப் படிக்கலாம் என்பதை அன்றிரவுதான் கற்றேன். ஒட்டுநிலை மொழி பேசும் நமக்கு இது இனிக்கும். வலக்கோடி இலக்கம் ஃபுளோரின் அணுக்களின் எண்ணிக்கை. அதற்கு இடப்புறம் ஹைட்ரஜன் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டியது. அதற்கும் இடப்புறம் கார்பன் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தது. அது பூச்சியமானால் எழுதுவதில்லை. மிச்சமுள்ள பிணைப்புகளெல்லாம் குளோரினுக்கு. ஆக 12 என்பது 012: கார்பன் ஒன்று, ஹைட்ரஜன் இல்லை, ஃபுளோரின் இரண்டு, எஞ்சிய இரண்டும் குளோரின். அதற்கு மாற்றாக வந்த 134ஏ: கார்பன் இரண்டு, ஹைட்ரஜன் இரண்டு, ஃபுளோரின் நான்கு, குளோரினுக்கு இடமே இல்லை. அந்தக் குளோரின்தான் வளிமண்டல மேலடுக்கில் ஓசோனை அழிக்கிறது என்று மொலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினர். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை. 1992இல் இந்தியா அதில் இணைந்தது. 2008 ஆகஸ்டில் இங்கே அதன் உற்பத்தி நின்றது, ஆஸ்துமா இன்ஹேலர்களுக்கான சிறு விலக்கு நீங்கலாக. என் வண்டி பிறந்தபோது இருந்த வளிமம் இனி கிடைக்காது.

அதை மாற்றினால் பலவற்றையும் மாற்ற வேண்டும். ஆர்-12 தாது எண்ணெயோடு கலந்து ஓடும். 134ஏ அதோடு கலவாது, ஆகவே கம்ப்ரஸருக்கு எண்ணெய் திரும்பாமல் உலர்ந்து இறுகிவிடும். பழைய டிரையரின் ஈர உறிஞ்சியும் புதிய வளிமத்துக்கு ஒவ்வாது. 134ஏ மிகுந்த அழுத்தத்தில் இயங்குவதால் பாம்புபோல் வளைந்த பழைய கண்டென்சரால் வெப்பத்தைப் போதிய அளவு வெளியேற்ற முடியாது. ஓ-ரிங்குகள் தனி. வேறொருவர் 'மிக்ஸ் கேஸ்' என்று ஒன்றைச் சிபாரிசு செய்தார். எதையும் மாற்ற வேண்டாமாம். விசாரித்தபோது அது புரோப்பேனும் ஐசோபியூட்டேனும் சேர்ந்த, தீப்பற்றும் கலவை என்று தெரிந்தது. ஓட்டைக் காயில் இருக்கும் மூடிய அறையில் ஒரு முதியவரை உட்கார வைத்து அதைச் செய்ய நான் ஆயத்தமாக இல்லை.

ஆகவே தேட வேண்டியவை: கூலிங் காயில், கம்ப்ரஸர், கண்டென்சர், டிரையர், வால்வு. ஜென்னின் உற்பத்தி 2006இல் நின்றுவிட்டது. அத்தனை ஆண்டுக்குப் பின் உதிரிபாகம் வைத்திருக்கவில்லையென்று யார்மீதும் குறை சொல்வதற்கில்லை. பாகப் பட்டியலைப் பெற்று எண்களைக் குறித்துக்கொண்டேன். சுஸூகி வழி வந்த பாக எண்ணின் முதல் ஐந்து இலக்கம் பொருளைச் சுட்டும். 16510 என்றால் எண்ணெய் வடிகட்டி, எந்த வண்டியானாலும். பின்வருவது எந்த மாடல் என்பதைக் காட்டும். பகுதியும் விகுதியும் போல. இவ்வளவு ஒழுங்கான பெயரிடுமுறை கையில் இருக்கையில் தேடல் எளிதென்று நினைத்து, தாளோடு ஜே.சி. சாலைக்குப் போனேன்.

டவுன் ஹால் பக்கமிருந்து தொடங்கும் ஜே.சி. சாலையும் அதன் கிளைச்சந்துகளும் பெங்களூரின் வாகன உதிரிபாகச் சந்தை. கன்னடம், இந்தி, மார்வாரி, தக்கினி, தமிழ், தெலுங்கு எல்லாம் ஒரே கல்லாவில் புழங்கும். நான் தாளை நீட்டினேன். கடைக்காரர் அதைப் பார்க்கவேயில்லை. "நம்பர் இருக்கட்டும் மேடம். சாம்பிள் எங்கே?"

அடுத்த கடையிலும் அதுவே, அதற்கடுத்ததிலும். அச்சந்தை பெயரை நம்புவதில்லை. எண்ணை நம்புவதில்லை. கழற்றி எடுத்த பழைய பொருளைக் கல்லாவின்மேல் வைத்தால்தான் பேச்சே தொடங்கும். இதில் ஆழமான நியாயம் இருக்கிறது. ஒரே ஆண்டு, ஒரே மாடல் வண்டிகளுக்குள்ளேயே வேறுபட்ட காயில்கள் பொருத்தப்பட்டிருக்கும். இருபத்தெட்டு ஆண்டுகளில் யார் எதைக் கழற்றி எதை மாட்டினார்களோ தெரியாது. 'ஜென் காயில்' என்ற சொல்லுக்குப் பொருள், குறிப்பிட்ட அந்த வண்டியின் டாஷ்போர்டுக்குள் இப்போது என்ன இருக்கிறதோ அதுதான். சுட்டிக்காட்டிப் பொருள் உணர்த்துவதைப் பற்றி முதுகலையில் ஒரு பருவம் முழுக்கப் படித்திருக்கிறேன். எந்த ஆசிரியரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஆனால் சாம்பிள் வேண்டுமென்றால் டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டால், புதியது கிடைக்கும்வரை வண்டி ஓடாது. பாய் கழற்றினார். வண்டி அவர் பட்டறை வாசலில் குடல் சரிந்தாற்போல் பத்தொன்பது நாள் நின்றது. நான் காயிலைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் சுற்றினேன். அலுமினியத் தகடுகளுக்கிடையே காய்ந்த இலைத்துகள், தூசு, என் பெரியம்மாவுடையதாக இருக்கக்கூடிய ஒரு நீண்ட நரைமுடி. அதை எடுத்துப்போட மனம் வரவில்லை. கடைசிவரை அதிலேயே இருந்தது.

சாம்பிளோடு போனபிறகு தரம் பற்றிய பேச்சு வந்தது. அங்கே 'ஒரிஜினல்' என்ற சொல் படும் பாட்டைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். நகலுக்கு ஒரு பெயர் இல்லை. லோக்கல், ஃபர்ஸ்ட் காப்பி, டெல்லி மால் என்று படிகள் உண்டு. மேலே ஓ.இ.; அதாவது வண்டி நிறுவனத்துக்குச் செய்துதரும் ஆலையிலிருந்தே, வேறு பெட்டியில் வருவது. இவற்றுள் எதையும் தேவைக்கேற்ப 'ஒரிஜினல்' என்று விற்கலாம். ஆகவே வாங்குவோர் கேட்கிறார்கள்: "ஒரிஜினலா, ஒரிஜினல் ஒரிஜினலா?" வகைமுதலை வரையறுக்கும் இரட்டைக்கிளவியாதலை ஆங்கிலத்தில் விளக்கிய 2004ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றை 'சாலட்-சாலட் கட்டுரை' என்றே நம் துறையில் செல்லமாக அழைப்பார்கள். ஜே.சி. சாலையில் அது அன்றாட வாணிக இலக்கணம். ஒரு கடையில் 'ஒரிஜினல் ஒரிஜினல் ஒரிஜினல்' என்பதையும் கேட்டேன். விலையும் அதற்கேற்ப மும்மடங்கு; பொருளோ வேறு வண்டிக்குரியது.

பதினோராவது கடையில் உரிமையாளரின் மகன் கணினியில் தேடி இல்லை என்றார். உள்ளே முக்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த முதிய ஊழியர் கையை நீட்டினார். காயிலை வாங்கித் திருப்பினார். அகலத்தைச் சாணால் அளந்தார், இரு குழாய்களின் தடிமனைக் கட்டைவிரலால் தடவினார், வால்வு பொருந்தும் வாயைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு முற்றிலும் வேறொரு வண்டியின் பெயரைச் சொல்லி, "அதுவும் இதுவும் ஒண்ணுதாம்மா. பைப்பு மட்டும் அதுல ரைட்டுல திரும்பும். வெட்டி ஒட்டிக்கலாம்," என்றார். மேல்தட்டில் ஏணி போட்டு ஏறச்சொல்லி ஒரு பெட்டியை இறக்க வைத்தார். பெட்டியின்மேல் இருந்த எண்ணுக்கும் என் தாளில் இருந்த எண்ணுக்கும் ஓர் இலக்கம்கூடப் பொருத்தமில்லை. பொருளை அருகருகே வைத்தபோது உடன்பிறப்புகள்.

அந்த வண்டியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் சாம்பிள் இல்லாமல் போய் வாங்கிவிடுவீர்கள்.

பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் ஒவ்வோர் உறவுக்கூட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணின்கீழ் தமிழ்ச்சொல்லும் கோண்டிச்சொல்லும் குடும்பமாய் நிற்கும்; உருவம் ஒத்திருந்தும் உறவற்றவை வெளியே நிற்கும். உதிரிபாகப் பட்டியல் அப்படித் தொகுக்கப்படவில்லை. அது வண்டிவாரியாகப் பிரித்துவைக்கும். உறவு தெரிந்துவிட்டால் வாணிகம் கெடும் என்பதாலோ என்னவோ. எந்தக் காயில் எதற்குச் சகோதரி, எந்த வால்வு எந்த வண்டிகளில் பொது என்னும் ஒப்பீட்டு அகராதி அந்த முக்காலிக்காரரைப் போன்ற சிலரின் விரல்களில்தான் இருக்கிறது. அவருக்கு 67 வயது. கடையில் வேறு எவருக்கும் அது தெரியவில்லை. கணினியில் ஏற்றிவைக்கலாமே என்று மகனிடம் கேட்டேன். "பழைய வண்டிக்கு யாரு மேடம் வராங்க?" என்றார். வந்து எதிரே நின்றுகொண்டுதான் இருந்தேன்.

கம்ப்ரஸருக்குச் சிவாஜிநகர் குஜரி. பழைய இரும்பு வாணிகத்தைக் கன்னடத்தில் குஜரி என்பார்கள். சென்னைக்காரர்களுக்குக் குஜிலிக் கடை நினைவுக்கு வரும். கதவுகள் ஓரிடத்தில் அடுக்கடுக்காக, ரேடியேட்டர்கள் ஓரிடத்தில், நடக்க ஒற்றையடிப் பாதை. பாய் முன்கூட்டியே பாடம் எடுத்திருந்தார்: விலை பேசாதே, முதலில் கையால் சுழற்று; தடையின்றி, ஆனால் சிறு எதிர்ப்போடு சுழல வேண்டும். உறிஞ்சுவாயைக் கட்டைவிரலால் அடைத்துச் சுழற்றினால் விரலை உள்ளிழுக்க வேண்டும். கவிழ்த்து ஒரு சொட்டு எண்ணெய் எடு. கறுத்திருந்தால் வைத்துவிட்டு வந்துவிடு. கடைசியாக பேட்டரியைத் தொட்டு மேக்னட் கிளச் 'டக்' என்று ஒட்டுகிறதா பார். ஐந்தை நிராகரித்தேன். வண்டி ஓட்டுபவர் வரவில்லையா என்று மூன்றுபேர் கேட்டார்கள். ஆறாவது என் விரலை இழுத்தது. சொன்ன விலை 4,500, முடிந்தது 2,800.

கம்ப்ரஸர் மாடல் எண்களில் மட்டும் எனக்கு ஒரு சிறு வெற்றி கிட்டியது. அந்நாளைய இந்திய வண்டிகள் பலவற்றில் பொருத்தப்பட்ட சாண்டன் எஸ்டி-508 அங்கே குவிந்து கிடந்தது. 5 என்பது ஐந்து சிலிண்டர், 08 என்பது ஏறத்தாழ எட்டுக் கன அங்குலக் கொள்ளளவு, அதாவது 138 சிசி. 507 அதைவிடச் சிறியது, 108 சிசி. இதைச் சொன்னதும் குஜரிக் கடைக்காரர் முதன்முறையாக எனக்கு நாற்காலி போட்டார். என் சிறிய இயந்திரத்துக்கு இரண்டுமே பொருந்தா என்பது வேறு.

கண்டென்சர் புதியது, இணைக்குழாய் வகை, மற்றொரு வண்டிக்குச் செய்யப்பட்டது. அதைத் தாங்கும் பட்டையை வெல்டிங் கடையில் செய்தோம். குழாய் முனைகளை இன்னொரு கடையில் அழுத்திப் பொருத்தினோம். டிரையரும் வால்வும் ஓ-ரிங்குகளும் எளிதில் கிடைத்தன. பழைய எண்ணெயைக் கழுவி வெளியேற்றி எஸ்டர் எண்ணெய் ஊற்றி, ஒரு மணிநேரம் வேக்குவம் இழுத்து, பழைய ஆர்-12 எடையில் ஏறக்குறைய 85 விழுக்காடு அளவுக்கு 134ஏ நிரப்பினார் பாய். கூலி 4,000 உட்பட மொத்தம் 16,570 ரூபாய். ஏப்ரல் முதல் வாரம் காற்றுவாயில் வைத்த வெப்பமானி 10 பாகை காட்டியது. வண்டிக்குள் இப்போது நான்கு வண்டிகளின் உறுப்புகள் இருக்கின்றன. எதுவும் ஒரிஜினல் ஒரிஜினல் இல்லை.

தாத்தா முன்னிருக்கையில் அமர்ந்து கையைக் காற்றுவாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை. சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அடியில் பாறையின் வெப்பம் 60 பாகைக்கும் மேல். அதனால் தரைமேல் ஆலை வைத்துக் குளிர்ந்த காற்றைக் கீழே அனுப்பினார்கள். நூல்களில் படித்திருக்கிறேன், அவர் வாயிலிருந்து வருமென்று எதிர்பார்க்கவில்லை. "மேல மிசின் வெச்சு சில்லுனு பண்ணித்தான் வுடுவாங்க பாப்பா. கீழ வந்து சேர்றதுக்குள்ள அது சூடாயிடும். மேஸ்திரி நிக்கற எடத்துல சில்லுனு இருக்கும், நாங்க நிக்கற எடத்துல இருக்காது." காற்று ஆழத்துக்கு இறங்க இறங்கத் தன் எடையாலேயே அழுந்திச் சூடாகும், ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை. அவர் சொன்னது இயற்பியல். இரண்டாம் வாக்கியம் இயற்பியல் மட்டுமில்லை. கருவியை அதற்குள் ஓடவிட்டிருந்தேன். காற்று பற்றி அவர் அன்று பேசியது 40 நிமிடம். என் வினாநிரலில் காற்று என்ற தலைப்பே இருந்ததில்லை.

இடையில் மூச்சு இரைத்து இன்ஹேலரை எடுத்தார். பெட்டியிலிருந்த தாளைச் சும்மா பிரித்துப் படித்தேன். மருந்தை உந்தித்தள்ளும் வளிமத்தின் பெயர்: எச்எஃப்ஏ-134ஏ. வண்டியின் குழாய்களில் ஓடிக்கொண்டிருந்த அதே மூலக்கூறு. மருந்துத்துறையில் மட்டும் முன்னொட்டு வேறு. பழைய இன்ஹேலர்களில் இருந்ததும் ஆர்-12தான். புவி வெப்பமாதலில் 134ஏ கரியமிலவாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது என்பதால் 2016இன் கிகாலித் திருத்தப்படி இதுவும் படிப்படியாகக் குறைக்கப்பட வேண்டும். இந்தியா 2021இல் அதை ஏற்றது. அடுத்த தேடல் யாருக்கோ காத்திருக்கிறது.

ஒன்பது பதிவுகளில் ஏழு முடிந்துவிட்டன. தாத்தாவுக்கு நடுவில் ஒரு வாரம் மருத்துவமனை. இப்போது வீட்டில் இருக்கிறார். முக்காலிக்காரரையும் பாயையும் அவர்களுடைய ஒப்புதலோடு தனித்தனியே இரண்டு மணிநேரம் பதிவு செய்திருக்கிறேன். என் ஆய்வேட்டில் அதற்கு இடமில்லை, துறையில் எவரேனும் கேட்டால் தருவேன்.

ஒன்று மட்டும் பாக்கி. ஊதியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் எரிந்துவிட்டது. உச்ச வேகத்தில் மட்டுமே ஓடுகிறது. 1996 ஜென், கார்புரேட்டர் மாடல். உங்கள் வீட்டுக் கொட்டகையிலோ ஊர்க் குஜரியிலோ ஒன்று கிடந்தால் தெரிவியுங்கள். என்னுடையதன் புகைப்படம் அனுப்பமாட்டேன். சாம்பிளோடு நேரில் வருகிறேன்.